இன்று மழை பெய்கிறது, எனக்குக் காபி பிடிக்கும்

வெல்ஷ் மொழியை இரண்டாம் மொழியாகப் படிக்கச் சேருகிறவர்கள் தங்கள் முதல் மொழியைக் கவுன்டரில் விட்டுவிட்டுப் போக வேண்டும். நானும் விட்டேன். டோக்கன் கொடுத்தார்கள். என் எண் நாற்பத்தேழு.

கவுன்டரை எடுத்து நடத்துகிறவர் சொக்கலிங்கம். இதற்கு முன் மதுரையில் ஒரு கோயில் வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைத்திருந்தார். வேல்ஸில் பல்கலைக்கழக டெண்டர் வந்ததும் இங்கே வந்துவிட்டார். வேலை ஒன்றுதான் என்கிறார். பேசுவதையும் எழுதுவதையும் மட்டும்தான் வாங்கிக்கொள்வார். காதில் விழுவதை நாமே வைத்துக்கொள்ளலாம். அதனால் யார் தமிழில் பேசினாலும் எனக்குப் புரியும். பதில்தான் வராது. எனக்காக ஊருக்குப் போனில் பேசித் தரச் சொல்லி ஒருமுறை அவரிடம் கையைக் காலை ஆட்டிக் காட்டினேன். டெண்டரில் இல்லை என்றார்.

வெல்ஷை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலிங்கில் என் முறை வந்தபோது திரையில் மிச்சமிருந்தது அந்த ஒரு இடம்தான். விட்டால் அதுவும் போய்விடும் என்று பக்கத்திலிருந்தவர் என் விரலைப் பிடித்து அமுக்கினார். அவர் யாரென்று தெரியாது.

இரண்டு வருடப் படிப்பு. எனக்கு இது ஒன்பதாவது வருடம்.

தேர்வு எளிது. நடைபாதையின் கடைசி அறையில் எம்ரிஸ் இருக்கிறார். வெல்ஷ் அவருடைய தாய்மொழி. அவரோடு ஐந்து நிமிடம் வெல்ஷில் பேச வேண்டும். அவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் தோல்வி. எம்ரிஸ் மிகவும் நல்லவர். எதிரே ஒருவர் திணறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் முதல் வாக்கியத்தில் மூச்சு வாங்குவதற்குள் கண் கலங்கி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். பிறகு தேநீர் கொடுப்பார். ஒவ்வொரு தோல்விக்கும் நடைபாதை அரை மைல் நீளும். இப்போதெல்லாம் அவர் அறைக்குப் போவதென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது. அந்த மனிதரின் அன்பை நான் வெறுக்கிறேன்.

ஞாயிறு பகலில் அப்பா போன் செய்வார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார். ஆங்கிலம் தெரியாது.

"ஏட்டி இசக்கி, சாப்ட்டியா?"

என்னிடம் இருப்பது இரண்டே வாக்கியங்கள். அவற்றை வெல்ஷில் சொல்வேன். இன்று மழை பெய்கிறது. எனக்குக் காபி பிடிக்கும்.

"சரிட்டி, சரிட்டி. கேக்க நல்லாத்தான் இருக்கு. இன்னொரு மட்டம் சொல்லு."

சொல்வேன். கடைசியில் "ரைட், போலாம்" என்று வைத்துவிடுவார். ஒன்பது வருடமாக எங்கள் குடும்பப் பேச்சு இவ்வளவுதான். வெயில் காய்ந்த நாளிலும் மழை பெய்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"வியாழக்கெழம நெஞ்சத் தொறந்து ஆப்ரேசன் பண்ணணும்னு சொல்லுதாவ. கையெழுத்து கேக்காவ. நீ வாரேன்னு ஒரு வார்த்த சொல்லு, போடுதேன். நீ இல்லாம நான் படுக்கமாட்டேன். வாரியாட்டி?"

இன்று மழை பெய்கிறது என்றேன்.

"அது கெடக்கட்டும். வாரியா, மாட்டியா?"

எனக்குக் காபி பிடிக்கும் என்றேன். அழுதுகொண்டே சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்லு. ரைட்" என்று வைத்துவிட்டார்.

தமிழைத் திரும்ப வாங்க வேண்டுமானால் படிப்பை விட வேண்டும். அதற்கு எம்ரிஸின் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை முழுக்க நடந்தேன். அவர் கையெழுத்துப் போட்டுத் தேநீர் கொடுத்தார். நான் தனியாகத் திரும்பிப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. துணைக்கு அவரும் வந்தார். செவ்வாய் மதியம் இருவரும் கவுன்டருக்கு வந்து சேர்ந்தோம்.

டோக்கனை நீட்டினேன். சொக்கலிங்கம் உள்ளே போய் வெகுநேரம் தேடினார்.

"நாப்பத்தேழக் காணோமேக்கா. போன வாரம் ஈரோட்டுக்காரர் ஒருத்தரு அவசரமாப் போனாரு. மாத்தி எடுத்துட்டாரு போல. அவரோடது கெடக்கு, போட்டுக்கிட்டுப் போறீங்களா?"

தலையாட்டினேன்.

"அப்ப வெல்ஷக் கழட்டி வச்சிருங்க. ரெண்டையும் போட்டுக்கிட்டுப் போக விடமாட்டாங்க."

இரண்டு வாக்கியங்களையும் கழற்றி வைத்தேன். போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் அவற்றில் ஒரு டோக்கனைக் கட்டி மேல் தட்டில் வைத்தார்.

ஈரோட்டுக்காரரின் தமிழ் எனக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. பரவாயில்லை. கவுன்டர் போனிலேயே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, நானுங்க, இசக்கிங்க. வியாழக்கெழமைக்குள்ள வந்துர்றனுங்க. நீங்க கையெழுத்துப் போட்டுருங்க. பயப்படாதீங்க."

"யாரும்மா நீங்க?"

"ஏனுங்க, உங்க புள்ளைங்க."

"எம் பிள்ள தமிழ்லயே பேசமாட்டா தாயி. அவ பேசுத பாச எனக்குத் தெரியும். ஒம்பது வருசமாக் கேக்கேன். எங்க, நீங்க அத ஒரு மட்டம் சொல்லுங்க பாப்போம்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மேல் தட்டைக் கை காட்டினேன். சொக்கலிங்கம் அசையவில்லை.

"கழட்டுனதத் திரும்ப மாட்டணும்னா மொதல்ல இருந்து சேரணும்க்கா."

"தெரியல பாத்தியளா" என்றார் அப்பா. குரலில் கோபமில்லை. பிறகு அந்த இரண்டு வாக்கியங்களையும் அவரே சொன்னார். ஸ்டாப்பிங் பெயர் சொல்வது போல, எங்கும் தடுக்காமல் சொன்னார். "எம் மவ இப்படித்தான் சொல்லுவா." நானும் கூடவே சொல்லிப் பார்த்தேன்; கழற்றி வைத்தது வாயில் ஏறவில்லை.

எம்ரிஸ் கையோடு கொண்டுவந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வெல்ஷில் ஏதோ கேட்டார். அப்பா பதில் சொன்னார். எம்ரிஸ் சிரித்தார். அந்தப் பக்கம் அப்பாவும் சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்பது வருடமும் புரிந்ததில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, நான்தான் மகள் என்று சொல்லுங்கள் என ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவர் தலையாட்டிவிட்டு வெல்ஷிலேயே பேசிக்கொண்டிருந்தார். சொக்கலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. எம்ரிஸ் ஒருமுறைகூட மாறவில்லை.

கடைசியில் ரிசீவரிலிருந்து எனக்குப் புரிந்த ஒரே சொல் கேட்டது.

"ரைட்."

எம்ரிஸ் ஒரு தேர்ச்சிச் சான்றிதழை எடுத்து அப்பாவின் பெயரை எழுதினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கி ஆங்கிலத்துக்கு மாறினார். அந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்டுக் கேட்டே அப்பாவுக்கு வெல்ஷ் வந்துவிட்டதாம். நான் மகள் என்று அவர் சொன்னாராம். மகள் என்றால் அந்த இரண்டையும் அவள் வாயால் சொல்லட்டும் என்றாராம் அப்பா. அதுவரை கையெழுத்துப் போடமாட்டாராம். அவருக்கு அவசரமில்லையாம். வியாழனைத் தாண்டக் கூடாது என்று டாக்டர்தான் சொல்கிறாராம்.

எனக்குத் தேநீர் கொடுத்தார்.

மறுபடி சேருகிறவர்களின் வரிசையில் நிற்கிறேன். ஈரோட்டுக்காரரின் தமிழைக் கவுன்டரில் விடுவதற்கு முன் அதில் இதை எழுதிவிடுகிறேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். மழையைப் பற்றிய வாக்கியம் முதல் பாடத்திலேயே வருகிறது. முதல் பாடம் அடுத்த திங்கட்கிழமை.