பார்க்கலாம் சார்

சாப்பாட்டு மேசையின் நடுவில், எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கர் போட்ட போன் கிடந்தது. சுற்றி அம்மா, மகள், அம்மாவின் அண்ணன், அண்ணி என நான்கு பேர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, நாங்க புது ஊருக்குப் போகலாமா?" மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், அம்மா சொல்லிக்கொடுத்தபடி கேட்டாள்.

"பார்க்கலாம்டா கண்ணு. அப்பா வேலையா இருக்கேன்."

பேச்சு அதோடு அறுந்தது.

"நம்ம 'பார்க்கலாம் சார்' இன்னிக்கும் பாத்துட்டாரு. சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றாள் அண்ணி.

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் மகளின் தாய்க்கு வழி தெரிந்திருக்கும். சண்டை போட்டிருப்பாள். பார்க்கலாம் என்பதோடு எப்படிச் சண்டை போடுவது? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். வெளிமாநிலத்தில் இருக்கும் கம்பெனிக் கிளையில் மேற்பார்வையாளர் வேலையும் தங்க வீடும் தயாராக இருந்தன. மாதம் முடிவதற்குள் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இங்கே அண்ணன் வீட்டுக் கூடத்தில், அண்ணன் டிவியை அணைத்த பிறகுதான் அவளும் மகளும் பாய் விரிக்க முடியும். அவர்கள் துணிமணி இன்னும் பெட்டியிலேயே இருந்தது. அலமாரியில் இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. இடம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

அவளைக் கட்டிப்போட்டிருந்தது பிரிவு ஒப்பந்தத்தின் ஒரு வரி. தகப்பன் சம்மதமில்லாமல் குழந்தையை வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த வரியை அவர் கேட்கவே இல்லை. சமரசப் பேச்சின்போது, மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது என்று அண்ணன்தான் எழுதச் சொன்னார். மகளைப் பார்க்கிற நாள் என்று ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொடுத்தும் வராத மனிதருக்கு, அவர் கேட்காத மரியாதையை மைத்துனர் வலியக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்.

"ஆம்பளை ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் நீ எங்க வேணா போ" என்றார் அண்ணன், சோற்றைப் பிசைந்தபடி.

"விட்டுட்டுப் போனப்ப நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாராங்க?" என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு."

மறுநாள் பள்ளி விடுமுறை. மகளையும் வேலைக்கு அழைத்துப்போனாள். துணிக்கடை மாடிக்கும் மேலே சின்ன மோட்டார் அறை, கிரீஸ் வாடை, சக்கரத்தில் எஃகுக் கயிறுகள்.

"கரண்ட் போனா லிஃப்ட் கீழ விழுந்துடுமாம்மா?"

"விழாது. இந்த ஸ்பிரிங் பாரு. இதுதான் பிரேக்கை எப்பவும் அழுத்திப் பிடிச்சிருக்கு. கரண்ட் வந்தாதான் பிடி தளரும், லிஃப்ட் நகரும். கரண்ட் போனா ஸ்பிரிங் மறுபடி பிடிச்சுக்கும்."

"அப்ப உள்ள இருக்கறவங்க?"

"அப்படியே நிக்கணும்."

சொல்லிவிட்டு அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். லிஃப்டுக்கு அது சரி. ஒன்றும் தெரியாதபோது நின்ற இடத்தில் நிற்பதுதான் லிஃப்டுக்குப் பாதுகாப்பு. மகளையும் தன்னையும் அதே மாதிரி மாட்டிவைத்திருக்கிறார்கள். அவர் பேசினால்தான் பிடி தளரும். பேசாமல் இருக்க அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. நிற்பது பாதுகாப்பு என்று முடிவு செய்தது யார்?

அன்று சாயங்காலம் அண்ணன் துணையில்லாமல் வக்கீலைப் பார்க்கப் போனாள். மகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன தடவை உங்க அண்ணனே பேசினார். சம்மதம் வாங்கித் தாங்கன்னார். ஒருத்தர் வாயிலேர்ந்து சம்மதத்தைப் பிடுங்க என்னால முடியாதும்மா."

"அவர் பேசலைன்னா நாங்க நிக்கணும்னு இருக்கு. பேசலைன்னா போகலாம்னு மாத்த முடியாதா மேடம்?"

"முடியும். அந்த வரியை நீக்கச் சொல்லி அவசர மனு போடலாம். கோர்ட் அவருக்கு நோட்டீஸ் அனுப்பும். மறுப்பு இருந்தா குறிச்ச தேதியில நேர்ல வந்து காரணம் சொல்லணும். வரலைன்னா, குழந்தைக்கு எது நல்லதுன்னு பார்த்து நீதிபதியே முடிவு பண்ணுவார். லீவுல பாப்பாவை அவர்கிட்ட அனுப்புவேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அனுப்புவேன். அவ அப்பாவைக் கேட்டுட்டேதான் இருக்கா."

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கறியா? நாளைக்கு நான் எப்படி வெளிய தலைகாட்டறது?"

"தலையை இங்க விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் அண்ணி. அண்ணன் முறைத்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. குறித்த தேதியில் கோர்ட்டுக்கு அண்ணனும் வந்தார், மாப்பிள்ளை வந்தால் சமாதானம் சொல்ல. டவாலி நீதிமன்ற வாசலில் நின்று தகப்பன் பெயரைக் கூப்பிட்டார். திரும்பவும் கூப்பிட்டார். தாழ்வாரத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. நீதிபதி மகளிடம் சிறிது நேரம் பேசிவிட்டு உத்தரவு போட்டார். அந்த வரி நீக்கப்படுகிறது; குழந்தை தாயோடு போகலாம்; பள்ளி விடுமுறையில் தகப்பனிடம் அனுப்ப வேண்டும்.

வெளியே வந்ததும் அண்ணன் போனை எடுத்தார். "எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு."

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கறதெல்லாம் முடிஞ்சுதுண்ணா. மறுப்பு இருந்தா வந்து சொல்லுங்கன்னு கோர்ட் கூப்பிட்டுச்சு. அவர் வரலை. நாங்க போறோம்."