காலண்டர் தாள் இடைவெளி

…இல்லை, இன்னும் கடகடவென்றுதான் ஓடுகிறது, முப்பத்தோரு வருஷம் சிவகாசி அச்சாபீஸில் ஃபிட்டர் வேலை பார்த்தவன், ஆள் உயர மிஷினையே ஓட வைத்தவன், சோப்பு டப்பா அளவு ரோபோ வண்டியிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறேன், மணி மூன்றரை, மகள் நாலரைக்கு வந்துவிடுவாள். ஒரு வருஷம் இரண்டு மாதம் கழித்து வருகிறாள்… என்னைப் பார்க்கவா? வண்டியை எடுக்க. கல்லூரியில் படிக்கும்போது அவளே ஆசையாகச் செய்த வண்டி. பதினைந்து நாளைக்கு முன்னால் போனில் சொன்னாள், "பரண்ல என் வண்டி கெடக்கும், எடுத்து வைங்கப்பா, பல்சக்கரம் உடைஞ்சிருந்துச்சு, ஓடலைன்னா அங்கனயே உக்காந்து சரிபண்ணிக்கிறேன், ஓடுச்சுன்னா அஞ்சு மணி பஸ்ஸுக்கே கெளம்பிருவேன்." ஓடலைன்னாவா? இந்த நல்லசிவம் வீட்டில் ஓடாத வண்டியா? எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

முதலில் பழைய பிரிண்டரில் கழற்றிய சக்கரத்தைப் போட்டேன், எண்ணிப் பார்த்தால் அதே முப்பத்திரண்டு பல், அரைச் சுற்று போய் இறுகி நின்றுவிட்டது, பல் ஒவ்வொன்றும் மயிரிழை பெரிசு. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. உடைந்ததை அளந்தேன், குறுக்கே பதினேழு மில்லி, அந்தக் கணக்கைச் சொல்லி ஆர்டர் போட்டு நேற்றுத்தான் கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்தது. அளவு சரி, ஆனாலும் சத்தம்… ஏன்? அட மடையா, இடைவெளி! அச்சாபீஸ் பழக்கத்தில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வெடி லேபிள் அடிக்கிற தடித்த தாளைக் கொடுத்து நெருக்கி, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுத் தாளை உருவியிருக்கிறேன். பெரிய மிஷினுக்கு அது போதும், நகக்கண் அளவு பல்லுக்கு அந்த இடைவெளி ரொம்ப அதிகம், தாளே இல்லாமல் நெருக்கினாலோ மோட்டார் சூடேறிக் கருகிவிடும். அவளையும் அப்படித்தான் நெருக்கினேன், சென்னையில் வேலை கிடைத்தது என்றதற்கு, "போறதுன்னா இந்த வாசல மிதிக்காத" என்று கத்தினேன், அவள் அம்மா செல்லக்கனி உயிரோடு இருந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்குமா?

சுவரில் தினசரி காலண்டர், நேற்றைய தாளைக் கிழிக்க மறந்திருந்தேன், கிழித்தேன், மெல்லிசுத் தாள், அதை நடுவில் கொடுத்து நெருக்கி, முடுக்கி, உருவினேன். கிழியவில்லை, வரிசையாகப் பல் தடம் மட்டும். சுவிட்சைத் தட்டினால் சத்தமே இல்லாமல் அடுப்படியைத் தாண்டி அவள் அறை வாசல்வரை போய் நிற்கிறது! "ஓடிருச்சு தாயி!" என்று கத்திவிட்டேன். யாரிடம்? ஒரே ஒரு சாப்பாட்டுத் தட்டு கவிழ்ந்து கிடக்கிற வீட்டில் யார் கேட்பது?

ஓடுச்சுன்னா அஞ்சு மணி பஸ்… இப்போதுதான் அது காதில் விழுகிறது, பதினைந்து நாளாக முதல் பாதியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். திருப்புளியை ஸ்க்ரூவில் வைக்கிறேன், அரைச் சுற்று தளர்த்தினால் போதும், உட்காருவாள், இருட்டிவிடும், சாப்பிடுவாள்… கண்டுபிடித்துவிடுவாளோ? ஃபிட்டர் மகளாயிற்றே. கை திருப்ப மாட்டேன் என்கிறது. கேட் கொக்கி சத்தம், "அப்பா, இருக்கீகளா?" சீக்கிரமே வந்துவிட்டாள். இருந்து சாப்பிட்டுட்டுப் போ தாயி என்று சொல்ல எனக்கு எதற்கு ஒரு ஸ்க்ரூ?