பன்னிரண்டாவது ஆள்

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் எண்பது பேர் கூடியிருந்தார்கள். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முடிவுசெய்ய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீட்டு போடுவதில்லை. பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். பன்னிரண்டு தலை தேறாத மூலை கலைந்துவிடும். தேறினால் மாவட்ட மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதி. அங்கிருந்து மாநிலம், அப்புறம் தேசிய மாநாடு. எல்லாம் இந்த மரத்தரையில்தான் தொடங்குகிறது.

வேட்பாளராகப் போட்டியிட்ட கவர்னர் டெலனின் மூலையில் சரியாகப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரையும் சேர்த்தவள் மார்லிஸ் ஹாகன். குளிர்காலம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டியிருக்கிறாள். எத்தனை வீட்டு நாய்கள் விரட்டியிருக்கும்! பன்னிரண்டாவது ஆள் அவள் புருஷன் லோவெல். அரசியல் என்றாலே கொட்டாவி விடுகிறவர், அவளுக்காக வந்து நின்றார்.

முதல் எண்ணிக்கை முடிந்ததும் மார்லிஸுக்கு உயிர் வந்தது. "பொழச்சோம்!" என்று அவர் கையைக் கிள்ளினாள்.

அடுத்து, கலைந்த மூலைக்காரர்களை இழுக்கும் படலம். எதிர் மூலையின் ரோஜர் டீட் ஒரு தட்டு பிஸ்கட்டோடு வந்து எல்லோரையும் வாரிக்கொண்டு போனார்.

"ஒரு பிஸ்கட்டுக்கா விலை போறீங்க? வெக்கமா இல்ல?" என்று கத்தினாள் மார்லிஸ்.

"உன் கவர்னர் அதுகூடத் தரலையே!" என்றார் ரோஜர்.

போகட்டும், தன் பன்னிரண்டு பேர் போதும் என்று திரும்பினாள்.

கூட்டத்தை நடத்திய டெனிஸ், விதிப்படி இரண்டாம் முறை எண்ணிக்கொண்டே வந்தாள். "பதினொண்ணு."

"ஒழுங்கா எண்ணு, டெனிஸ்."

மறுபடியும் பதினொன்றுதான். லோவெலைக் காணோம்! அவர் போன் எப்போதும்போல வீட்டு மேசையில் கிடக்கும்.

"ரெண்டே நிமிஷம், இழுத்துட்டு வந்துடறேன்."

"நேரம் முடிஞ்சுது. விதின்னா எல்லாருக்கும் விதிதான்" என்றார் ரோஜர்.

டெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மன்னிச்சுக்கோ, மார்லிஸ்."

கூட நின்றவர்கள் ஒவ்வொருவராக ரோஜரின் மூலைக்குப் போனார்கள். மார்லிஸ் போகவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஊசியாய்க் குத்தும் குளிர். வரிசையாக நின்ற வண்டிகளில் அவர்களுடையது மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. லோவெல் கண்ணாடியில் உறைந்த பனியைக்கூடச் சுரண்டி முடித்திருந்தார். எந்தக் கூட்டமானாலும் முடிவதற்குள் நழுவி, மனைவிக்காக வண்டியைச் சூடாக்கி வைப்பது அந்த ஊர் ஆண்களின் வழக்கம். சர்ச்சானாலும் கல்யாணமானாலும் இத்தனை வருஷமும் அவர் அதில் தவறியதில்லை.

"ஏறு, ஏறு. சீட்டெல்லாம் கதகதன்னு இருக்கு. அதான் எண்ணியாச்சேன்னு வந்துட்டேன். நம்ம ஆளு மாநாட்டுக்குப் போறார்தானே?"

"இல்ல. மறுபடி எண்ணினாங்க. ஒரு ஆள் குறைஞ்சுது."

"அடக் கடவுளே! எந்த மடையன் அந்த நேரத்துல வெளிய போனான்?"

மார்லிஸ் அவரையே பார்த்தாள். கியரைத் தொட்ட லோவெலின் கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள். வெப்பக்காற்று அவளுடைய விறைத்த விரல்களில் வந்து பட்டது. அது இதமாக இருந்ததைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.