இடப்பக்கப் பெட்ரோல் வாய்

என் மாமனார் வாயைத் திறந்தால் புளுகுதான் என்று பதினைந்து வருடமாக முடிவு கட்டியிருந்தேன். கார் ஆலையில் சோதனை ஓட்டுநராக இருந்தவர். "நம்ம வீட்ல நிக்குதே, அது விற்பனைக்கு வந்த வண்டி இல்ல மாப்பிள்ளை. அதுக்கு முன்னாடி மாதிரிக்குன்னு செஞ்சது" என்பார். தலையாட்டி வைப்பேன். பெண்ணைக் கொடுத்தவர், வேறென்ன செய்ய?

பழைய கார்களைப் புதுப்பிப்பது என் தொழில். ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நிறுத்துவேன். போன வருடம் மாமனார் மூட்டுவலியில் படுத்திருந்தபோது அவர் வண்டி என் பட்டறைக்கு வந்தது. பார்த்ததுமே எரிச்சல். பெட்ரோல் ஊற்றும் வாய் இடப்பக்கம். வைப்பர் ஒன்றே ஒன்று. ஹாரன் ஸ்டியரிங்கின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் ஒரு குச்சியில். எவனோ அரைகுறை மெக்கானிக் கைவைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே, கம்பெனிப் புத்தகத்தைப் பிரித்து வைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். இடப்பக்க ஓட்டையில் தகடு வைத்து வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, ஏழு தடவை பெயிண்ட் அடித்தேன். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். கழற்றியதெல்லாம் பழைய இரும்புக்குப் போனது.

நேற்று, அப்பாவின் வண்டியைப் பற்றி என் மனைவி எழுதிய கடிதத்தைப் பார்த்து, பழைய கார் சங்கத்தின் பரிசோதகர் வந்தார். கண்டிப்பான அம்மா. கையில் பழைய போட்டோ.

"மாதிரி வண்டி ரெண்டே ரெண்டுதான் செஞ்சாங்க. இடப்பக்கம் பெட்ரோல் வாய், ஒத்தை வைப்பர், குச்சி ஹாரன். விற்பனைக்கு விடும்போது மூணையும் மாத்திட்டாங்க."

வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். "மன்னிக்கணும். இது சாதாரண வண்டி" என்று பேனாவைத் திறந்தார்.

மாற்றியது நான் என்று தெரிந்தும், மாமனார் என்னைக் காட்டிக்கொடுக்காமல் துண்டை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டால் என் பெயரும் பெயிண்டும் தப்பிக்கும். அப்படி ஒரு கணம் நினைத்தேன் என்பதே இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"எழுதாதீங்க மேடம். எல்லாத்தையும் மாத்தினது நான்தான்."

"சொன்னா போதாதுங்க. கண்ணால பாக்கணும்."

உப்புத்தாளை எடுத்து, இடப்பக்கத்தை என் கையாலேயே தேய்த்தேன். ஏழு பூச்சும் போய், பட்டியும் போய், வெல்டிங் வட்டம் தெரிந்தது. அந்த அம்மா போட்டோவோடு அளந்து பார்த்து, "இதேதான்" என்று எழுதினார். மாமனார் அந்த வட்டத்தைத் தடவிக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா."

"அது கிடக்கட்டும். இதே வண்டியில ஒரு தடவை ரயிலை முந்தினேன். அதையாவது நம்புறீங்களா?"

"நம்புறேன் மாமா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப உக்காருங்க. விமானத்தை முந்தின கதைய இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."