லென்ஸுக்குப் போட்ட கஃப்

பனியன் கம்பெனியில் இந்துமதி படம் எடுப்பதெல்லாம் டீ-சர்ட்டுகளைத்தான். வெள்ளை மேசைமேல் பரத்தி வைத்தால் அவை அசையாமல் கிடக்கும். அதனால் பந்தயக் காளை வளர்க்கும் குன்னத்தூர் பொங்கியண்ணன், "ஞாயித்துக்கிழமை அவிநாசிபாளையத்துல நம்ம காளைங்க ரேக்ளா வண்டிப் பந்தயம் ஓடுதுங்க. பாஞ்சு வர்றாப்ல ஒரு படம் வேணுமுங்க" என்று கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கென்றே பழைய கேமராவும் நீள லென்ஸும் வாங்கிவிட்டாள். வாங்கும்போதே பிடியில் லேசான பிசுபிசுப்பு. கை வேர்வை என்று நினைத்துக்கொண்டாள்.

பந்தயத் திடலில் பதினோரு மணி வெயில் ஏறியதும் விஷயம் புரிந்தது. பிடியிலிருந்த ரப்பர் இளகி, கருப்புப் பிசினாக உள்ளங்கையில் அப்பியிருந்தது.

"ஏனுங், ஓடி வாங்க! கேமரா கையோட ஒட்டிக்குச்சு!"

கரும்புச்சாறு வாங்கப் போயிருந்த அவள் கணவன் அருள்செல்வன் ஓடி வந்தான். அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவன். விரலால் தொட்டு முகர்ந்தான்.

"ரப்பர் கெட்டுப்போச்சு இந்து. நாளானா இப்பிடித்தான். நம்ம பழைய மெஷின் ரோலரும் இப்பிடித்தான் ஆச்சு. சானிடைசர் வெச்சிருக்கியா? அதுல தொடைச்சாப் போயிரும்."

ஒலிபெருக்கி அலறியது: "இன்னும் ரெண்டு வண்டி போனா குன்னத்தூர் வண்டிங்கோ!"

அருள்செல்வன் ஸ்கூட்டரிலிருந்து ஒரு குட்டி வெள்ளைச் சட்டையை உருவினான். கம்பெனியில் கழித்துப்போட்ட முழுக்கைச் சட்டை.

"ஐயோ, அது ரித்தீசுக்குங்க!"

"பையனுக்கு வேற கொண்டாந்துக்கலாம். கேமரா மேல ஊத்தீராதே. துணியில நனைச்சுத் தொடை."

முதல் வண்டி புழுதி கிளப்பிப் போயிற்று. இந்துமதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சட்டை கரியாயிற்று. பிடி கையில் ஒட்டாமல் காய்ந்தது. ஆனால் லென்ஸில் வேறு வம்பு. ஜூம் வளையத்தின் ரப்பர் பட்டை தொளதொளவென்று ஊதிப்போய், திருப்பினால் பட்டை மட்டும் சுற்றியது, வளையம் நகரவில்லை. நகத்தை விட்டு இழுத்தாள். பட்டை முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே வழவழவென்ற வளையத்தில் வேர்த்த விரல் நிற்கவில்லை.

இரண்டாவது வண்டியும் போய்விட்டது.

இந்துமதியின் கண் அந்தச் சட்டையில் பிசின் படாத கையின்மேல் விழுந்தது. மணிக்கட்டில் இழுத்தால் நீண்டு, விட்டால் இறுக்கிப் பிடிக்கும் ரிப் துணி கஃப்.

"மாஸ்டர், நூல் கட்டரைக் குடுங்க! சீக்கிரம்!"

அவசரத்தில் கம்பெனிப் பேச்சே வந்துவிட்டது. கஃப்பை நறுக்கி எடுத்து, லென்ஸில் வளையல்போல ஏற்றினாள். கச்சிதமாகக் கவ்வியது. திருப்பினாள். திரும்பியது.

"புடிச்சிக்கிச்சுங்க!" என்று குதித்தாள்.

அதற்குள் கொடி விழுந்துவிட்டது. மயிலைக் காளைகள் இரண்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தன. மொத்தமே இருபது நொடிகூட இல்லை. தடுப்புக் கம்பில் சாய்ந்து, வளையத்தைத் திருப்பிக்கொண்டே பொத்தானை அமுக்கினாள். கொம்பும் நுரையும் புழுதியும் கேமராக் கட்டத்துக்குள் பெருத்து வந்து, காற்றாக அவள் முகத்தைக் கடந்து போயின.

மூச்சிரைக்க வந்த பொங்கியண்ணன் திரையில் குனிந்தார்.

"அட சாமி! எட்டுக் காலும் நெலத்துல இல்லீங்களே!"

இதுவரை ஓடியதில் மூன்றாவது இடம் என்று ஒலிபெருக்கி அறிவித்தது அவர் காதில் ஏறவில்லை. போகிற வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து படத்தைக் காட்டினார். பார்த்தவர்களில் ஒருவர், தாராபுரத்துக்காரர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, அடுத்தது நம்ம வண்டிதானுங்க. ஒண்ணு எடுப்பீங்களா?"

"எடுக்கறனுங்க!" என்று சொல்லும்போதே இந்துமதி தடுப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.