கொஞ்ச தூரந்தான்

சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் கிழவர் நான்கு விரலையும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பெல்ட் தோளுக்கு மேலே தொங்கியது. அதை மாட்டுகிற பூட்டைத்தான் காணோம். புது சீட் கவர் போட்டவன் அதை உள்ளே தள்ளி மூடியிருந்தான். பிஸ்கட் தூளும் ஒரு குழந்தையின் ஹேர்பின்னும்தான் விரலில் அகப்பட்டன.

“என்ன மாமா தேடறீங்க?” முன் சீட்டிலிருந்து மகளின் நாத்தனார் திரும்பினாள். செத்துப்போன மாப்பிள்ளைக்கு அக்கா.

“பெல்ட்டு பூட்டு.”

“பின்னாடி உக்கார்றவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? இந்த வயசுல உயிர் மேல ஆசையப் பாரு.”

“ஆசை இருக்கறதாலதான் இந்த வயசு வரைக்கும் வந்திருக்கேன்.”

அவளுடைய பெல்ட்டும் அவளுக்கு முதுகுப்பக்கம்தான் கிடந்தது. மாட்டாவிட்டால் வண்டி கத்துமாம். அதனால் பின்னால் விட்டு மாட்டி வைத்திருந்தாள். வண்டியை ஏமாற்றியாயிற்று.

முன்னால் வெள்ளை வண்டியில் மாப்பிள்ளை போய்க்கொண்டிருந்தார். அவரை வைத்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். சித்தப்பன்மார் இருவர் முந்திக்கொண்டு ஏறிவிட்டார்கள். பாசத்தில் ஏறவில்லை, காலை நீட்டிக்கொள்ளலாமே என்று ஏறினார்கள். கிழவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவருக்குப் பக்கத்தில் மகள், கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: “வண்டியக் கண்ணுலேர்ந்து விட்டுடாதீங்க தம்பி. அவர் தனியாப் போகக்கூடாது.”

அந்தத் தம்பிதான் ஓட்டினான். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவன், எல்லோருக்கும் சின்னவன். நேற்று விடியலில் போன் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பிணவறை என்று அலைந்தவன். எங்காவது படுத்தானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் யார் ஓட்டுவது?

“அந்த லாரிக்காரன் நாசமாப் போக,” என்று நாத்தனார் மறுபடி ஆரம்பித்தாள். “ரோட்டோரம் நிறுத்தினானே, ஒரு சிவப்பு லைட்டாவது போட்டானா?”

“போடல. தப்புதான்,” என்றார் கிழவர். “ஆனா பிரேக் அடிச்ச தடமே இல்லியே. முழிச்சிருக்கறவன் காலு தானா பிரேக்குக்குப் போகும்.”

போலீஸ்காரன் சொன்னதை வைத்து அவர் பேசவில்லை. எந்தப் போலீஸ்காரன் சொல்லையும் அவர் நம்பியதில்லை. மாப்பிள்ளை மோதிய இடத்தை நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடித் தூள் கிடந்தது. எண்ணெய் சிந்தியிருந்தது. தடம் இல்லை.

“செத்தவன் மேலயே பழி போடறீங்களா?”

“பழி இல்லம்மா. தூக்கம்.”

நாத்தனார் வெடுக்கென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்ப் பம்பு விற்ற மாப்பிள்ளை எப்படிச் செத்திருந்தாலும் அவர் வீட்டார் ஒத்துக்கொண்டிருப்பார்கள், தூங்கிச் செத்தார் என்பதைத் தவிர.

ஓட்டுகிறவன் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியைக் கிழவர் பார்த்தார். அதில் சின்னவனின் கண்கள் மட்டும் தெரிந்தன. திறந்துதான் இருந்தன. ஆனால் இமைக்கவில்லை. பிறகு இமைத்தபோது, மூடிய இமை எழும்ப மனமில்லாமல் கிடந்து எழுந்தது. குடோன் வாட்ச்மேனாக இருந்தவர் அவர். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கேட்டுக்கு வெளியே முதலாளி வந்து ஹாரன் அடிக்க அடிக்க நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார்.

டயருக்கு அடியில் சரளை நறநறத்தது. சின்னவன் ஸ்டியரிங்கை வெட்டினான்.

“பள்ளம்,” என்றான்.

பள்ளம் எதுவும் இல்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். ஏசியைக் கூட்டினான். கன்னத்தில் தானே இரண்டு அறை அறைந்துகொண்டான். கிழவருக்கு எல்லாம் தெரிந்த வித்தைகள். காற்று, டீ, பேச்சு, அறை, எல்லாமே தூக்கத்துக்குத் தாலாட்டுதான். வெள்ளை வண்டியைத் தவறவிடக்கூடாது என்று அதன் பின்பக்கத்தை இடிக்கிற மாதிரி ஒட்டிப் போய்க்கொண்டிருந்தான். அது நின்றால் இது நிற்க இடமில்லை.

கதவின் பிடியை மெல்ல இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. ஓடுகிற வண்டியில் திறந்து எங்கே குதிப்பது, சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான்.

“அது சைல்டு லாக்கு மாமா,” என்றான் சின்னவன். “பிள்ளைங்களுக்காகப் போட்டது. வெளியேர்ந்துதான் திறக்கும்.”

முட்டி முன் சீட்டில் இடித்தது. மடியில் பிளாஸ்டிக் பையில் மாப்பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. நிறுத்தடா என்று சொன்னால் நிறுத்தமாட்டான். அண்ணன் பிணத்துக்குப் பின்னால் போகிறவனிடம் உனக்குத் தூக்கம் வருகிறது என்று யார் சொல்வது? ஒரே ஒரு விஷயத்தில்தான் கிழவனை யாரும் மறுக்க முடியாது.

“தம்பி, ஒண்ணுக்கு வருது.”

“ஆஸ்பத்திரிலயே போயிருக்கலாம்ல?” என்றாள் நாத்தனார்.

“அங்க வரல. இங்க வருது.”

சின்னவன் ஓரம் கட்டப் போனான்.

“ரோட்டோரம் வேணாம். அந்த லாரியும் ரோட்டோரம்தான் நின்னுச்சு. பெட்ரோல் பங்க்குல நிறுத்து.”

பங்க்கில், காற்றுப் பிடிக்கிற கொட்டகைக்குக் கீழே கார் நின்றது. சின்னவன் இறங்கி வந்து கதவைத் திறந்தான். கிழவர் கக்கூசுப் பக்கம் போகவில்லை. கொட்டகை ஓரம் கிடந்த பழைய டயரின் மேல் போய் உட்கார்ந்தார்.

“நான் வரல. நீ தூங்கி எந்திரி. அப்புறம் போலாம்.”

“நான் எங்க மாமா தூங்கினேன்?”

“நான் வாட்ச்மேனுப்பா. இந்தப் பொய்ய எத்தனை முதலாளிகிட்ட சொல்லியிருப்பேன்.”

“பொணம் முன்னாடி போகுது, இவரு டயர்ல உக்காந்து நியாயம் பேசறாரு!” நாத்தனார் இறங்கிவிட்டாள். “விட்டுட்டுப் போடா. பஸ்ஸுல வரட்டும்!”

“போங்க. ஆனா எம்பொண்ண இறக்கி விட்டுட்டுப் போங்க.”

திறந்திருந்த கதவு வழியாக மகள் தானே இறங்கி வந்தாள். ரோட்டைப் பார்த்தாள். வெள்ளை வண்டி தூரத்தில் தெரிந்தது.

“அப்பா, ஏறுங்கப்பா. அவர் தனியாப் போறாரு.”

அவர் டயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவளுக்கு இனி எந்நாளும் மறக்காது. அப்பன்தான் பாதி வழியில் பிரித்தான் என்று சாகும்வரை சொல்லுவாள். சொல்லட்டும். சொல்ல அவள் இருக்கட்டும்.

“அண்ணி, நீங்க உக்காருங்க, எட்டிப் பிடிச்சிடலாம்,” என்றான் சின்னவன். “கிளம்பறப்ப டீ கூடக் குடிச்சேன். இன்னும் கொஞ்ச தூரந்தான்.”

மகள் திரும்பினாள்.

“என்ன சொன்னீங்க?”

“கொஞ்ச தூரந்தான்னேன்.”

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அவரும் இதேதான் சொன்னாரு. போன்ல. கண்ணு சொருகுதுன்னாரு. எங்கியாவது நிறுத்திப் படுத்துட்டு வாங்கன்னேன். கொஞ்ச தூரந்தான்னாரு.”

நாத்தனார் கார்க் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

மகள் கையை நீட்டினாள். “சாவியக் குடுங்க தம்பி.”

வெள்ளை வண்டி பாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கியது. அவன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதன் பிறகு ரோட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

நாத்தனார் கொட்டகைத் தூணில் சாய்ந்து சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். “நீங்க போங்க சித்தப்பா… டயர் போச்சு. ஆமா, பஞ்சரு.” சொல்லிவிட்டுக் கிழவரைப் பார்த்தாள்.

சின்னவன் சீட்டைச் சாய்த்தான். தலை படுவதற்குள் தூங்கிப்போனான். கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. மாப்பிள்ளையும் அப்படித்தான் தூங்குவார்.

கொட்டகைத் தகரத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெயில் நேராக அவன் கண்மேல் விழுந்தது. மகள் காரைச் சுற்றிப் போய், திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில், தன் நிழல் அவன் முகத்தில் விழும்படி நின்றாள். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

வெயில் நகர்ந்தது. அவளும் சற்று நகர்ந்து நின்றாள்.