பிரேக் பரீட்சை

கோரிமேட்டு உச்சியில் பட்டாளத்து லாரி உறுமிக்கொண்டு நின்றபோது சிராஜுதீன் உள்ளே உட்கார்ந்து சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இவனுடைய கனம் முன்சக்கரத்துக்குள் இருந்தது.

சீனச் சண்டை நின்ற சமயம் அது. வண்டி மெக்கானிக்குக்கு ஆள் எடுக்க ஹவில்தார் சுப்பிரமணியன் புதுச்சேரிக்கு வந்திருந்தார். பரீட்சையில் தேறினால் செகந்திராபாத் போய்ப் பட்டாளத்து வண்டி ரிப்பேர் படிக்கலாம். படிக்கும்போதே சம்பளம். சிராஜுதீன் வேலை பார்த்த பஸ் ஷெட்டின் முதலாளியோ பிரான்சுக்குக் கப்பலேற மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அதே ஷெட்டிலிருந்து வந்த சிநேகிதன் கோவிந்தசாமி எஞ்சின் பரீட்சையில் காலையிலேயே தேறிவிட்டான்.

சிராஜுதீனுக்குக் கிடைத்தது பிரேக். அவனுடையது பிரெஞ்சு பஸ்களில் பழகிய கை. அதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, பட்டாளத்து லாரி அங்குலக் கணக்கு. பிரேக் எண்ணெய்க் குழாயைச் சக்கரத்தோடு பிடிக்கிற போல்ட்டின் மரை கழற்றும்போதே மழுங்கிவிட்டது. கேட்டால் வேறு கொடுத்திருப்பார்கள். கேட்டால் ஃபெயில் என்று பயந்தான். தன் பையில் கிடந்த பஸ் போல்ட்டை எடுத்து மாட்டினான். இரண்டு சுற்று சுலபமாகப் போய், பிறகு முரண்டு பிடித்தது. ஸ்பானரால் அழுத்தி முறுக்கினான். மரை நசுங்குவது கையிலேயே தெரிந்தது. பெடலை மிதித்துப் பார்த்தார்கள், ஒரு சொட்டுக் கசியவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தான், முட்டாள்.

பிரேக் பார்த்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஹவில்தாரே சரிவில் ஓட்டிப் பார்ப்பார். அது அவர் வழக்கம். பாரத்துக்கு மணல் மூட்டைகள் ஏற்றினார்கள். அவை சரியாமல் பிடித்துக்கொள்ளக் கோவிந்தசாமி தானாகவே பின்னால் ஏறிக்கொண்டான். சிராஜு கட்டின பிரேக், எனக்கென்ன பயம் என்று சிரித்தான். அப்போதாவது இவன் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் செகந்திராபாத் போய்விடுமே.

லாரி இறங்கத் தொடங்கியது. கீழே கடலைக்கொல்லைப் பெண்கள் கூடைகளோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் சிராஜுதீன் கத்திவிட்டான்.

"நிறுத்துங்க சார். அந்த போல்ட் தப்பு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நிறுத்துவதற்கும் அதே பிரேக்தான்.

ஹவில்தார் மிதித்தார். வண்டி கொஞ்சம் தயங்கியது. பிறகு உள்ளே ஏதோ விட்டுப்போய், பெடல் தரையோடு படுத்துவிட்டது. அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே கியரைக் குறைத்தார், கை பிரேக்கை இழுத்தார். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுச் சிதறி ஓடினார்கள். அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். ரோட்டோரச் செம்மண் குவியலில் மூக்கைப் புதைத்து லாரி நின்றது.

எப்போது தெரிந்தது என்று ஹவில்தார் கேட்டார். மாட்டும்போதே என்றான்.

"போல்ட்ட மாத்திப் போட்டதுக்காக ஒன்ன திருப்பி அனுப்பல. அத அங்க கத்துக் குடுத்துடுவாங்க. தெரிஞ்சும் சொல்லாம ஏறினதுக்கு அனுப்பறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

கோவிந்தசாமி நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலிருந்து வந்தான். ரொம்ப அடியா என்று இவன் கேட்டான்.

"நா ஏறறப்ப பாத்துக்கினுதான இருந்த, சிராஜு?"

ஆமாம் என்று சொல்ல இவனுக்குப் பயமாக இருந்தது.